பிரியாணி நாய்களும் தயிர்ச்சோற்று நாய்களும்

முருகன் புண்ணியத்தில் நான் இதுவரை பார்த்த வெளியூர்கள் மூன்று. திருத்தணி, பழனி, ஒரு கல்யாணத்துக்காக பெங்களூர். நான்காவது ஆம்பூர். கணியம்பாடியைத் தாண்டி உள்ளே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து அது அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் என் சம்சாரம் சிங்கப்பூருக்கு அனுப்புகிறவள் மாதிரி புளிச்சோறு, எள்ளுப்பொடி, இரண்டு மஞ்சள் வேட்டி, விபூதிப் பை எல்லாம் கட்டிக் கொடுத்தாள். எதற்குப் பயணம் என்று கேட்டவர்களுக்கும் அவளே பதில் சொன்னாள்.

"நாய் எண்றதுக்குப் போறாரு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. என் மருமகள் செல்வி, நாய்களுக்கு வெறிநோய் ஊசி போடுகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று மாதமாக வேலை செய்கிறாள். ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டிய ஒரு தோல் கம்பெனித் தெருவில் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருவர் வெறிநாய் கடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். செருப்புக் கம்பெனியில் வேலை செய்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். அந்தப் பக்கத்து நாய்கள் அத்தனைக்கும் சனிக்கிழமை ஊசி. எத்தனை ஊசி வேண்டும் என்பதை வியாழன் சாயங்காலத்துக்குள் செல்வி எண்ணிச் சொல்ல வேண்டும். சொன்ன எண்ணிக்கைக்குத்தான் மருந்து வரும். அவள் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் வேலை. கூட வர வேண்டியவருக்குக் காய்ச்சல். என் மகன் ஓசூரில் ஷிப்ட்டில் இருக்கிறான். மிச்சம் இருந்தது நான்.

ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் மலைக்கோயிலுக்குக் காவடி எடுக்கிறேன், ஒரு வருஷமும் தவறியதில்லை. இந்த வருஷம் கிருத்திகை சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன்.

திங்கள்கிழமை போனோம். வேலூரில் ஏறிய பஸ் ஊருக்குள் போகாது என்பதை ஆம்பூர் வந்த பிறகுதான் கண்டக்டர் சொன்னார். பைபாஸில் இறக்கிவிட்டு விசில் கொடுத்துவிட்டார். கையில் இரண்டு பிளாஸ்டிக் பக்கெட், ஒரு மூட்டை சாமான். வெயிலில் நின்ற எங்களைப் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. செல்விக்கு முன்னால் இடம் கிடைத்தது. எனக்குப் பின்னால், உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டின் மேல். விரத மாலையோடு தோல் மேல் உட்காரலாமா என்று மனசு கலங்கியது. சிவபெருமான் புலித்தோலில் உட்காரவில்லையா என்று நினைத்துச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். ஆனால் புலித்தோல் அப்படி நாறியிருக்காது.

தங்கினது செல்வியின் பெரியம்மா வீட்டில். நல்ல மனுஷி. என் விரதத்துக்காக வீட்டில் முட்டையைக்கூட நிறுத்திவிட்டார். ஆனால் தெருவை என்ன செய்வது? எங்கள் ஊரில் காலையில் சாணமும் புல்லும் மணக்கும். இங்கே பதினோரு மணிக்கே ஊர் முழுக்க பிரியாணி வாசனை. மூக்கை மூடிக்கொண்டு கந்தனை நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த பிரியாணியே என் கைக்கு வந்தது. நாய்களைக் கிட்டே வரவழைக்க ஒரு ஓட்டலில் மிச்சம் மீதி எலும்பும் சோறும் செல்வி சொல்லி வைத்திருந்தாள். பக்கெட்டைத் தூக்குவது என் வேலை. மாலையும் மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒரு ஆள், முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருத்தெருவாக எலும்பு போட்டுக்கொண்டு போனால் சனம் சும்மா இருக்குமா. இது இன்னா வேண்டுதல் என்று ஒரு அம்மா நிஜமாகவே கேட்டார். தன் மகனுக்கும் பலிக்குமா என்றார்.

நாய் கிட்டே வந்ததும் செல்வி அதன் முதுகில் சாயம் அடிப்பாள். முதலில் கொண்டுவந்தது நீலச் சாயம். தோல் பதனிடும் கம்பெனியில் மருந்தேறி வெளுப்பான நீல நிறத்தில் தோல் வரும், அதைச் சீவுகிற தூளும் நீலம். பின்னால் கொட்டிக் கிடக்கிற தூளில்தான் பாதி நாய்கள் படுக்கின்றன. பார்த்தால், நாங்கள் அடிப்பதற்கு முன்பே ஒன்பது நாய் நீலம். சரி, வேறு நிறம் வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். சிவப்பு, பச்சை, மஞ்சள் எதை எடுத்தாலும் ஏதோ ஒரு கட்சிக்காரர் வந்து எங்கள் கொடி நிறத்தை நாய்க்கு அடிப்பீர்களா என்று சண்டைக்கு நிற்பார் என்றார் கடைக்காரர். எந்தக் கட்சியும் எடுக்காத நிறம் ரோஸ் ஒன்றுதான் மிச்சம். சாயங்காலத்துக்குள் முப்பது ரோஸ் நாய்.

மூடிக் கிடக்கிற ஒரு தோல் கம்பெனியின் வாட்ச்மேன் கரீம் பாய் அன்று பழக்கமானார். என் வயதுதான் இருக்கும். நாய் வாய் வைத்தால் தொழுகைக்குக் கழுவ வேண்டியிருக்கும் என்று தள்ளியே நிற்பார். ஆனால் கேட்டுக்கு வெளியே ஒரு தொட்டியில் நாய்களுக்கென்று தண்ணீர் ஊற்றி வைக்கிறார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, உங்க சாமி உங்களுக்கு ரொம்ப ஜாஸ்தி சோதனை வைக்கிறார் என்று பக்கெட்டைப் பார்த்துச் சொன்னார்.

புதன்கிழமை மறுபடியும் அதே தெருக்கள், அதே பக்கெட். இந்த முறை சாயம் இல்லை, எண்ணுவது மட்டும். நாற்பது நாய் கண்ணில் பட்டது. அதில் இருபத்து நாலு ரோஸ்.

ராத்திரி சாப்பாட்டில் செல்வி எனக்கு இந்தக் கணக்கைச் சொன்னாள். நான் எட்டாவது வரை படித்தவன், எனக்கே புரிந்தது. பானை அரிசியில் முப்பது உளுந்தைப் போட்டுக் கலக்கி, ஒரு கை அள்ளிப் பார்க்கிற மாதிரி. நாற்பதுக்கு இருபத்து நாலு என்றால் ஐந்துக்கு மூன்று. அப்படியானால் நேற்று அடித்த முப்பதும் மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றுதான். மொத்தம் ஐம்பது நாய். ஒவ்வொரு நாயாகத் துரத்தாமல் இப்படி எண்ண முடியும் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். என் மருமகள் என்று பெருமையாக இருந்தது. அவள் முகத்தில் மட்டும் தெளிவு இல்லை.

பகலில் கரீம் பாய் சொன்னதுதான் காரணம். நாற்பது பக்கம்தான் வரும்போல என்று நான் பெருமையாகச் சொன்னதற்கு அவர் சிரித்துவிட்டார்.

"பிரியாணிக்கு வர்றது மட்டும்தான் நாயா சாமி? வராததும் நாய்தான். ஆத்துப்பக்கம் எவ்ளோ கிடக்குது தெரியுமா? ஆள் சத்தம் கேட்டா முள்ளுக்குள்ள போய்டும்."

செல்விக்கும் அது தெரியும். இந்தக் கணக்கு சரியாக வர எல்லா நாயும் ஒரே மாதிரி அகப்பட வேண்டுமாம். நேற்று எலும்புக்கு வந்த நாய்தான் இன்றும் வருகிறது. பயந்த நாய் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. அதனால் ஊரில் நாய் கம்மி என்று கணக்கு ஏமாற்றிவிடும். மருந்து தீர்ந்த பிறகு மிஞ்சுவது யாருக்கும் பழகாத நாய்கள். அந்த செருப்புக் கம்பெனிக்காரரைக் கடித்ததும் ஆற்றுப்பக்கத்து நாய்தான்.

"கண்ணுல படாததை எப்படி மாமா எழுதறது? சும்மா தோணின நம்பரைப் போட்டா எங்க சார் ஒத்துக்க மாட்டாரு."

 விபூதி இட்டுக்கொண்டு படுத்தேன்.

வியாழக்கிழமை தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு உகந்த நாள். வீட்டில் இருந்தால் உளுந்து வடை மாலை சாத்தி, தயிர்ச்சோறு படைத்து, பிறகு அவருடைய வாகனமான நாய்க்கு வைப்பேன். வெளியூர் வந்தால் சாமி விட்டுவிடுவாரா? பெரியம்மாவிடம் கேட்டு இருபத்தேழு வடையும் ஒரு தூக்கு தயிர்ச்சோறும் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினேன். செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். கரீம் பாய் கம்பெனிக்குப் பின்னால் ஆற்றில் இறங்கினேன். தண்ணீர் இல்லை, வெறும் மணல். சுற்றிலும் சீமைக்கருவேல். ஒரு கல்லைக் கழுவி, சந்தனம் வைத்து, அதையே பைரவராக நினைத்துக்கொண்டு இருபத்தேழு இலைத்துண்டில் சோறும் வடையும் வைத்தேன். கண்ணை மூடி நூற்றெட்டு நாமம் சொல்லத் தொடங்கினேன்.

முப்பதாவது நாமத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். முடித்துப் பார்த்தால் என்னைச் சுற்றி நாய்கள். நான் தெருவில் பார்த்த நாய்கள் இல்லை இவை. ஒட்டிய வயிறு, வாலைக் காலுக்குள் சொருகிக்கொண்டு, ஒரு கண் சோற்றிலும் ஒரு கண் என் மேலும்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன். எங்கள் பக்கம் பொங்கலுக்கு மாட்டுக்குப் பொட்டு வைக்காமல் படையல் சோறு ஊட்ட மாட்டோம். நல்ல நாளில் வாகனத்துக்கு வெறும் நெற்றியோடு சோறு போடுவதா? பொட்டு வைக்கக் கை நீட்டினால் ஓடின. ஆகவே குங்குமத்தைத் தண்ணீரில் நன்றாகக் குழைத்து, வேப்பங்கொத்தால் சாப்பிடுகிற நாய் மேல் எல்லாம் தெளித்தேன். தெளித்த நாய்க்கு இன்னொரு இலை கிடையாது, விரட்டிவிடுவேன். இருபத்தேழு வடைக்கு இருபத்தேழு நாய். ஒரு காது கிழிந்த கறுப்பு நாய் மட்டும் கடைசிவரை தூரத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கு வடை போய்ச் சேரவில்லை. மனசில் சின்னக் குறையோடு வீடு திரும்பினேன்.

மத்தியானம் செல்விக்கு போன் மேல் போன். ஆற்றோரம் நாய்களுக்கு உடம்பெல்லாம் ரத்தப் புள்ளி, புது வியாதி என்று தோல் கம்பெனிகளில் பேச்சாம். ஒரு கம்பெனியில் பெண்களை அரை நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஒரு நாய் ரத்தம் கக்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சத்தியம் பண்ணினாராம். செல்வி செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பின்னாலேயே நானும். கம்பெனி வாசலில் கூட்டம். கரீம் பாய் தூரத்தில் முள்ளோரம் நின்ற ஒரு நாயைக் காட்டினார். அதன் கழுத்தில் நான் தெளித்த புள்ளிகள்.

"அது வியாதி இல்லம்மா," என்றேன். "குங்குமம். இன்னிக்கு அஷ்டமி."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. மருமகள் மாமனாரைத் திட்ட முடியாது. செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வயசான காலத்தில் வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பேஜார் பண்ணிவிட்டோமே என்று எனக்குக் கண் கலங்கியது. அவள் நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"எத்தினி நாய்க்கு மாமா தெளிச்சீங்க?"

"இருபத்தேழு."

"அதுல ரோஸ் எத்தினி?"

நான் யோசித்துப் பார்த்தேன். ரோஸ் மேல் சிவப்பு எடுப்பாக இல்லையே என்று வருத்தப்பட்டது ஞாபகம் வந்தது.

"மூணு."

அவள் போனில் கணக்குப் போட்டாள். இருபத்தேழில் மூன்றுதான் ரோஸ் என்றால், முப்பது ரோஸுக்கு மொத்தம் இருநூற்றெழுபது நாய். நேற்று ஐம்பது, இன்று இருநூற்றெழுபது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் நின்ற கரீம் பாய், ராத்திரியில் இருநூற்று இருபது நாய் குட்டி போட்டுச்சா என்று கேட்டார்.

பிறகு விளக்கினாள். இரண்டும் தப்பாம். பிரியாணிக்கு வருகிற கூட்டம் ஒன்று, சத்தம் போடாமல் உட்கார்ந்தால் வருகிற கூட்டம் இன்னொன்று. ஒன்றாகப் போட்டுக் கலக்கக் கூடாது. தெருக்கூட்டத்தை எண்ணியாயிற்று. ஆற்றுக்கூட்டத்தைத் தனியாக எண்ண வேண்டும். அதற்கு முதல் நாள் அடையாளம் வைத்தாக வேண்டும், அதை நான் வைத்துவிட்டேன்.

"நாளைக்கும் போய் அதே மாதிரி உக்காருங்க மாமா. எதையும் மாத்தாதீங்க. நாமம்கூட அதே நாமம்."

அவளுடைய சாரிடம் ஒரு நாள் தவணை கேட்டாள். போனில் அவருக்கு பைரவர், வடை, குங்குமம் எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது என்று திணறி, மாமா ஒரு புது முறை கண்டுபிடிச்சிருக்காரு சார் என்று முடித்தாள்.

வெள்ளிக்கிழமை அஷ்டமி இல்லை. ஆனாலும் வடையும் தயிர்ச்சோறும் கொண்டுபோய் உட்கார்ந்தேன். செல்வி இடிந்த சுவருக்குப் பின்னால் நோட்டோடு மூச்சுக்கூட விடாமல் இருந்தாள். முப்பது நாய் வந்தது. அதில் பதினெட்டின் மேல் சிவப்புப் புள்ளி. மறுபடியும் ஐந்துக்கு மூன்று. அப்படியானால் ஆற்று நாய் மொத்தம் நாற்பத்தைந்து. வந்த முப்பதில் ரோஸ் இரண்டு, நாற்பத்தைந்தில் என்றால் மூன்று; தெருவில் ஐந்துக்கு மூன்றுதான் ரோஸ் என்பதால், தெருவுக்கும் வருகிற ஆற்று நாய் ஐந்து. ஐம்பதும் நாற்பத்தைந்தும் தொண்ணூற்றைந்து, இரண்டு தடவை எண்ணின ஐந்து போகத் தொண்ணூறு.

காது கிழிந்த கறுப்பு அன்றும் தூரத்தில்தான் இருந்தது.

தொண்ணூறு ஊசிக்குச் சொல்லியாயிற்று. வேலை முடிந்தது என்று பையை எடுத்தேன். செல்வி வாசலில் நின்றாள். தெரு நாய்களை வலை போட்டுப் பிடித்துவிடலாம், ஆற்று நாய்களுக்கு நான் உட்கார்ந்தால்தான் உண்டு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் கிருத்திகை. இருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"போய்ட்டு வாங்க மாமா. நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

என் சம்சாரத்துக்கு போன் பண்ணினேன்.  செத்துப்போனவரோட ரெண்டு பொம்பளப் பிள்ளைங்களைப் பாத்தீங்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். தோல் கம்பெனித் தெருவில் மூன்றாவது வீடு, தினமும் அதைத் தாண்டித்தான் பக்கெட் தூக்கினேன். அப்படின்னா இருந்துட்டு வாங்க, முருகனுக்கு நான் சொல்லிக்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலையில் மருந்து வந்தது. ஐஸ் பெட்டியையும் தயிர்ச்சோற்றுத் தூக்கையும் டி.வி.எஸ். வண்டியில் கட்டி ஆற்றில் இறக்கினோம். பத்தடியில் சக்கரம் மணலில் புதைந்தது. தள்ளினோம், இன்னும் புதைந்தது. கரீம் பாய் கம்பெனிக்குள் போய்த் தோல் உலர்த்துகிற மூங்கில் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு பக்கம் ஐஸ் பெட்டி, ஒரு பக்கம் சோற்றுத் தூக்கு. தோளில் வைத்து நிமிர்ந்தேன். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, கால் சுடுகிற மணல், தோளில் மூங்கில். அப்படியே நின்றுவிட்டேன்.

கரீம் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சாமி, காவடியா?"

"ஆமா பாய்."

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து, வழியில் நீட்டிக்கொண்டிருந்த முள்ளையெல்லாம் வெட்டி ஒதுக்கிக்கொண்டே போனார்.

நான் கண்ணை மூடி உட்கார்ந்தேன். நாய் வந்து சாப்பிடும்போது, புதருக்குள்ளிருந்து செல்வி நீட்டுகிற நீளக் கழியின் முனையில் ஊசி வந்து குத்தும். பிறகு ஒரு பச்சைச் சாயம். கட்சிக்காரர்கள் அன்று ஒரு நாள் பொறுத்துக்கொண்டார்கள். குத்து வாங்கிய நாய் கத்திக்கொண்டு ஓட, மற்றதும் ஓடிவிடும். நான் மறுபடியும் முதல் நாமத்திலிருந்து தொடங்குவேன். அன்று பைரவர் தன் பெயரை அத்தனை தடவை கேட்டுச் சலித்திருப்பார். தெருவும் ஆறுமாகச் சாயங்காலத்துக்குள் எண்பத்தொன்பது. ஒரே ஒரு ஊசி மிச்சம். கணக்கு ஒன்றில்தான் தவறியது என்று போனில் அவளுடைய சார் பாராட்டினாராம். செல்வி என் காலில் விழுந்தாள். எனக்கு மட்டும் கணக்கு தவறவில்லை என்று தெரியும். கிழிந்த காது அன்று கிட்டேயே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மட்டும் ஊருக்குக் கிளம்பினேன். செல்விக்கு எழுத்து வேலை பாக்கி. பெரியம்மா வழிக்குத் தயிர்ச்சோறு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் இப்போது அதுதான் தோன்றுகிறது. பைபாஸில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், சாலை ஓரத்துப் புளியமரத்தடியில் அது உட்கார்ந்திருந்தது. கறுப்பு, கிழிந்த காது. ரோஸ் இல்லை, சிவப்பு இல்லை, பச்சை இல்லை.

எழுந்து கத்தினேன். கண்டக்டர் வாந்தியா என்று கேட்டார். நாய் என்றேன்.

"நாய்க்கா பஸ்ஸை நிறுத்தச் சொல்றீங்க?"

"தொண்ணூறாவது நாய்ப்பா."

மாலை போட்டவனிடம் எதற்கு வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, விசில் கொடுத்தார். இறங்கி வந்த வழியே நடந்தேன். மரத்துக்கு இருபதடி முன்னால் நின்று, அது எழுந்திருப்பதற்குள் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மடியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் செல்விக்கு போன் பண்ணினேன்.

"அந்த மிச்ச ஊசியை எடுத்துட்டு வாம்மா. மெதுவா வா. நான் உக்காந்துட்டேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சோற்றை எனக்கு ஒரு முழம் முன்னால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முதல் நாமத்தைத் தொடங்கினேன்.